வளையைத் தொலைத்த முயல்

ஜனவரி மாதத்து விடிகாலை. இங்கிலாந்தில் ஒரு வீட்டின் பின்பக்கத் தோட்டம். புல்தரை முழுக்க உப்புப் பூத்ததுபோல உறைபனி. காலடியில் புல் நொறுங்க, வீட்டுக்காரர் முயல் கூண்டை நோக்கி நடக்கிறார். முந்தின இரவு மைனஸ் 5 டிகிரி வரை போகும் என்று செய்தியில் சொன்னார்கள். படுக்கப் போகுமுன் பழைய கம்பளி ஒன்றைக் கூண்டுக்குள் திணித்து, முன்பக்கக் கம்பிவலையைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றி, இண்டு இடுக்கையெல்லாம் அடைத்துவிட்டுத்தான் போனார். இப்போது தாளை விலக்கிப் பார்த்தால், முயல் அவர் ஏற்பாடு செய்த கதகதப்பான மூலையில் இல்லை. தாள் சரியாக ஒட்டாமல் கொஞ்சம் காற்று வருகிற ஓரத்தில் மூக்கை வைத்து உட்கார்ந்திருக்கிறது. கம்பளியின் ஒரு முனை கடித்துக் குதறிக் கிடக்கிறது. தாளின் உட்புறம் முத்துமுத்தாக நீர் கோத்திருக்கிறது. தண்ணீர்ப் புட்டி நிறையத் தண்ணீர் தளும்புகிறது. ஆனால் கீழே நீட்டிக்கொண்டிருக்கும் எஃகுக் குழாயின் நுனியில் உருள வேண்டிய சிறு குண்டு பனியில் இறுகிவிட்டது. நக்கினால் ஒரு சொட்டும் வராது.

இரவெல்லாம் அந்த முயல் பட்ட பாட்டைக் கணக்கிட்டால் மூன்று தேறும்: தாகம், ஈரம், தன் மூத்திரத்தின் நெடி. மூன்றில் முதல் ஒன்றைத்தான் குளிர் கொண்டுவந்தது. மற்ற இரண்டும் அன்பினால் வந்தவை.

முயல் வளர்ப்பவர்கள் பனிக்காலத்தில் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த வகைதான். 'எனக்குக் குளிர்கிறது, அதற்கும் குளிரும்' என்ற கணக்கு அது. முயலின் உடம்புக்கோ கணக்கு வேறு.

முதலில் எந்த முயலைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தமிழில் எல்லாவற்றுக்கும் முயல் என்ற ஒரே பெயர். தமிழ்நாட்டுப் புதர்க்காடுகளில் வண்டி வெளிச்சத்தைக் கண்டு மிரண்டு ஓடுவது கருங்கழுத்து முயல். லெபஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்தது. அது வளை தோண்டுவதில்லை. புல்லை அழுத்திப் பள்ளம் செய்து அதிலேயே படுக்கும். குட்டிகள் உடம்பெல்லாம் மயிரோடு, கண் திறந்தே பிறக்கும். வீட்டில் செல்லமாக வளர்க்கும் முயல் முற்றிலும் வேறு. உள்ளங்கையில் அடங்குவதுபோலத் தோன்றும் 1 கிலோ நெதர்லாந்துக் குள்ளன் முதல் 6 கிலோவைத் தாண்டும் ஃப்ளெமிஷ் ஜயண்ட் வரை அத்தனையும் ஓரிக்டோலாகஸ் குனிகுலஸ் என்ற ஒரே சாதியின் பிள்ளைகள். குழிமுயல் என்று சொன்னால் பொருந்தும். மண்ணுக்குள் வளை தோண்டிக் கூட்டமாக வாழ்வது அதன் பிறவிக்குணம்.

அதன் தாய்நாடு ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம். ரோமப் பேரரசர் ஹேட்ரியன் வெளியிட்ட நாணயங்களில் ஸ்பெயின் நாட்டை ஒரு பெண்ணாகச் சித்திரித்து, அவள் காலடியில் ஒரு முயலையும் பொறித்திருக்கிறார்கள். அந்த அளவுக்கு அந்த மண்ணின் அடையாளம் அது. இங்கிலாந்தில் முயல் பெருகியது 12-ஆம் நூற்றாண்டில் நார்மன்கள் இறைச்சிக்கும் தோலுக்குமாக வளர்க்கத் தொடங்கிய பிறகு. புதிய நாட்டின் மழையும் ஈரமண்ணும் அதற்கு ஒத்துவரவில்லை. எனவே வளர்த்தவர்கள் தளர்ந்த மண்ணைக் குவித்து நீளவாக்கில் மேடு கட்டி, சுற்றிலும் நீர் வடியக் கால்வாய் வெட்டி, அதற்குள் முயல்களைக் குடிவைத்தார்கள். தலையணை மேடுகள் என்று இன்றும் அழைக்கப்படும் அவற்றை டார்ட்மூர் வெளியில் பார்க்கலாம். நூற்றாண்டுகளுக்கு முன்பு முயல் காவலர்கள் செய்த இந்த வேலையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அவர்கள் சூடு ஏற்றப் பார்க்கவில்லை. தண்ணீரை வடித்தார்கள்.

வளைக்குள் அப்படி என்ன இருக்கிறது? மேலே வெப்பநிலை பகலுக்கும் இரவுக்கும் 10 டிகிரி ஏறி இறங்கினாலும், ஒரு மீட்டர் ஆழத்தில் அந்த ஏற்ற இறக்கம் தெரியாது. காற்றடி இல்லை. மழை இல்லை. பக்கத்தில் ஒட்டிப் படுக்க உறவுக்கூட்டம் இருக்கிறது. மரக்கூண்டு என்பது இந்த நான்கையும் ஒரே வீச்சில் பறித்துக்கொள்ளும் ஏற்பாடு. தரையிலிருந்து உயர்ந்து நிற்பதால் நாலு பக்கமும் காற்று. மெல்லிய பலகை. பெரும்பாலும் உள்ளே தனி முயல். ஓடித் திரிந்து உடம்பைச் சூடேற்றவும் இடம் கிடையாது.

இத்தனையையும் மீறி முயல் குளிரைத் தாங்குகிறது என்றால், அது உடம்புக்குள்ளேயே வைத்திருக்கும் கருவிகளால்தான்.

அவற்றில் ஒன்று காது. முயலின் இரு காதுகளும் சேர்ந்து அதன் உடற்பரப்பில் சுமார் 12 விழுக்காடு. மயிர் குறைவு, தோல் மெல்லியது, உள்ளே இரத்தக்குழாய்கள் வலைபோல ஓடுகின்றன. வெயில் நாளில் குழாய்கள் விரிந்து சூட்டை வெளியே தள்ளும். குளிரில் குழாய்கள் சுருங்கும். காதுக்குப் போகும் இரத்தம் சொற்பமாகும். சூடு உடம்புக்குள்ளேயே தங்கும். இந்தக் குழாயடைப்பு வேலையை நரம்பு செய்கிறது என்று உலகம் அறிந்துகொண்டதே ஒரு முயலின் காதைப் பார்த்துத்தான்.

1851-இல் பாரிஸ் நகரத்து உடலியங்கியல் அறிஞர் க்ளோட் பெர்னார், முயலின் கழுத்தில் ஓடும் பரிவு நரம்பை ஒரு பக்கம் மட்டும் வெட்டினார். நரம்புதான் உடம்புக்குச் சூடு தருகிறது என்று அப்போது பலரும் நம்பியதால், அந்தப் பக்கக் காது குளிர்ந்துபோகும் என எதிர்பார்த்தார். நடந்தது தலைகீழ். காது சிவந்தது, தொட்டாலே தெரியுமளவு சூடானது. அடுத்த ஆண்டு, வெட்டுப்பட்ட நரம்பின் முனையில் மின்சாரம் பாய்ச்சியபோது காது வெளுத்துக் குளிர்ந்தது. அதாவது நரம்பு தன்னளவில் சூட்டை உண்டாக்குவதில்லை. இரத்தக்குழாயின் வாயைத் திறந்து மூடும் திருகாக இருக்கிறது. இரத்தக்குழாய்களை நரம்பு ஆளுகிறது என்று இன்று மருத்துவக் கல்லூரி முதலாண்டில் படிக்கும் பாடத்தின் தொடக்கப் பக்கங்களில் இது ஒன்று. (பெர்னாரின் மனைவியும் மகள்களும் அவருடைய விலங்குச் சோதனைகளை அடியோடு வெறுத்தார்கள், கடைசியில் குடும்பமே பிரிந்தது. அந்த வழக்கில் முயல்கள் யார் பக்கம் சாட்சி சொல்லியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.)

வளர்ப்பவருக்கு இதில் பயன் உண்டு. பனிக்காலத்தில் முயலின் காதைத் தொட்டுப் பார்த்து, சில்லென்று இருக்கிறதே என்று பதறுபவர்கள் ஏராளம். காது சில்லிட்டிருந்தால் திருகு ஒழுங்காக வேலை செய்கிறது என்றே பொருள். முயல் சுறுசுறுப்பாக இருந்து, தின்று, புழுக்கை போட்டுக்கொண்டிருந்தால் குளிர்ந்த காதைப் பற்றிக் கவலை வேண்டாம். உடம்பின் உண்மையான சூட்டைக் காதால் அளக்க முடியாது. அது 38.5-இலிருந்து 40 டிகிரிக்குள் இருக்கும். அளக்க வேண்டுமானால் மருத்துவர் ஆசனவாயில் வெப்பமானி வைத்துத்தான் அளப்பார்.

இரண்டாவது கருவி வயிற்றுக்குள். முயலின் செரிமானப் பாதையில் ஏறத்தாழ 40 விழுக்காடு கொள்ளளவு குடல்வாய்ப்பை என்ற ஒற்றை உறுப்புக்கே போய்விடுகிறது. தின்ற புல்லின் நாரை நுண்ணுயிர்கள் அங்கே புளிக்கவைக்கின்றன. மாவு புளிக்கும் பாத்திரத்தின் மேல் கைவைத்துப் பார்த்தவருக்குப் புரியும்: புளிப்பு என்றால் சூடு. அந்தப் புளிப்பில் பிறக்கும் கொழுப்பு அமிலங்கள் முயலுக்கு எரிபொருளாகவும் ஆகின்றன. இந்த அடுப்புக்கு விறகு உலர்புல். எனவே பனிக்காலத்தில் முயலுக்குத் தரவேண்டிய முதல் போர்வை, அது எட்டும் இடத்தில் எந்நேரமும் நிறைந்திருக்கும் காய்ந்த புல்கட்டு. குளிரில் உடம்பைச் சூடாக வைத்திருக்க அது கூடுதலாகத் தின்னும். தட்டு காலியாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கேரட்டும் பழமும் கூட்டிக் கொடுத்தால் சர்க்கரை ஏறி நுண்ணுயிர்களின் சமநிலை குலையும், அடுப்பே அணைந்துவிடும். குடல் அசையாமல் நின்றுபோவது முயலுக்கு உயிர்போகிற நோய். உறைந்த கீரையும் பனி மூடிய புல்லும் வயிற்றைக் கெடுக்கும். உள்ளே எடுத்துவந்து அறைச்சூட்டுக்கு வந்த பின்பே தர வேண்டும்.

மூன்றாவது, மயிர். இலையுதிர் காலத்தில் பகல் குறையத் தொடங்கியதும் முயல் பழைய மயிரை உதிர்த்து அடர்ந்த குளிர்கால மயிரை வளர்க்கிறது. பகலின் நீளம் சொல்லும் சேதியை மூளை படித்து, உடம்புக்கு உத்தரவிடுகிறது. இங்கேதான் வீட்டுக்குள் வளரும் முயலுக்குச் சிக்கல். இரவு 11 மணி வரை மின்விளக்கு, நாளெல்லாம் 20 டிகிரி வெதுவெதுப்பு. குளிர்காலம் வந்ததே அதற்குச் சரியாகத் தெரியாது. அப்படிப்பட்ட முயலை ஜனவரியில் திடீரென்று தோட்டத்துக் கூண்டில் விடுவது, சட்டையோடு நிற்பவரைப் பனியில் தள்ளுவதற்குச் சமம். மாறாக, தடித்த மயிரோடு வெளியே இருந்த முயலை இரக்கப்பட்டு ஹீட்டர் ஓடும் வரவேற்பறைக்குள் தூக்கிவந்தால், கம்பளிக்கோட்டோடு சமையலறையில் நிற்பதுபோல் தவிக்கும். முயலுக்கு இதமான வெப்பம் 15 முதல் 20 டிகிரி. 25-ஐத் தாண்டினாலே சிரமம் தொடங்குகிறது. வியர்த்துக் குளிர அதற்கு வழியும் இல்லை. இரண்டுக்கும் நடுவில் சூடேற்றாத கொட்டகையோ, கண்ணாடி வராந்தாவோ இருந்தால் அது உத்தமம். கார் நிறுத்தும் கொட்டகை மட்டும் ஆகாது, அங்கே கார் ஓடுமானால். புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு முயலைக் கொன்றுவிடும்.

உலகத்திலேயே பிரபலமான ஆங்கிலேய முயல் ஒன்று, வீட்டுக்குள்தான் குளிர்காலங்களைக் கழித்தது. எழுத்தாளர் பியாட்ரிக்ஸ் பாட்டர் லண்டனில் ஷெப்பர்ட்ஸ் புஷ் பகுதியில் 4 ஷில்லிங் 6 பென்ஸ் கொடுத்து வாங்கிய பீட்டர் பைப்பர் என்ற அந்த முயல், கணப்பின் முன்னால் பூனையைப்போல நீட்டிப் படுத்துக்கொள்ளும். அதன் பெயரை வைத்து அவர் எழுதி 1902-இல் வெளியான 'தி டேல் ஆஃப் பீட்டர் ராபிட்' கதையிலோ, பீட்டர் ஒரு பெரிய மரத்தின் வேருக்கடியில் வளையில் வாழ்கிறான். நிஜ பீட்டருக்குக் கணப்பு. கதை பீட்டருக்கு வளை. அந்தக் கதையைப் படித்துவிட்டு முயல் கேட்டு அழுத பிள்ளைகளுக்காக வாங்கப்பட்ட எத்தனையோ முயல்களுக்கு இரண்டும் வாய்க்கவில்லை. தோட்டத்து மூலையில் பலகைப் பெட்டிதான் கிடைத்தது.

இனி, எல்லாவற்றையும் கெடுக்கும் ஈரத்துக்கு வருவோம்.

மயிர் தானாகச் சூடு தருவதில்லை. மயிருக்கு இடையே அசையாமல் அடைபட்டிருக்கும் காற்றுதான் சூட்டைப் பிடித்து வைக்கிறது. காற்றடி அந்தக் காற்றைத் திருடும். ஈரம் அதைவிட மோசம். காற்று இருந்த இடத்தில் தண்ணீர் புகுந்துகொள்கிறது. தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கும் மேல் வேகமாகச் சூட்டைக் கடத்தும். அதோடும் விடாது, உலரும்போது இன்னும் கொஞ்சம் சூட்டைப் பறிக்கும். 1 கிராம் தண்ணீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். 2 கிலோ முயலின் மயிரில் ஒட்டியுள்ள வெறும் 3 மில்லி தண்ணீர், முழுக்க அதன் உடம்புச் சூட்டை எடுத்தே உலர்ந்தால், உடல்வெப்பம் 1 டிகிரி இறங்கும். 3 மில்லி என்பது ஒரு தேக்கரண்டிகூட இல்லை. ஈரப் படுக்கையில் இரவு முழுக்கக் கிடக்கும் முயல் எத்தனை தேக்கரண்டியை உலர்த்த வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

பாதத்துக்கும் ஈரம் பகை. நாய், பூனைக்கு இருப்பதுபோல முயலின் உள்ளங்காலில் மெத்தைத்தோல் கிடையாது, மயிர்தான் மெத்தை. ஈரத்தில் அது நைந்து உதிர்ந்தால் தோல் புண்ணாகும். குட்டை மயிர் கொண்ட ரெக்ஸ் வகைக்கு இந்தப் புண் சீக்கிரம் வரும்.

கூண்டை இறுக மூடுவதில் இன்னொரு கேடு. மூத்திரத்தில் உள்ள யூரியாவை நுண்ணுயிர்கள் அம்மோனியாவாக மாற்றுகின்றன. மூடிய கூண்டில் அது வெளியேற வழியில்லாமல் தரையோடு தேங்கும். முயலின் மூக்கு இருப்பதும் தரையோடுதான். அம்மோனியா மூச்சுக்குழாயின் நுண்ணிய காவல் மயிர்களைச் செயலிழக்கச் செய்ய, பாஸ்டுரெல்லா போன்ற கிருமிகள் உள்ளே நுழைகின்றன. தும்மல், மூக்கொழுகல், முன்னங்கால்களின் உட்புறம் மயிர் பிசுபிசுத்து ஒட்டியிருத்தல் எல்லாம் அதன் அடையாளம். மூக்கைத் துடைத்துத் துடைத்து வந்த பிசுக்கு அது. கூண்டில் காற்று சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். காலையில் மூடியைத் திறந்ததும் குனிந்து, முகத்தைக் கூண்டின் தரைமட்டத்துக்குக் கொண்டுபோய் ஒரு மூச்சு இழுக்க வேண்டும். கண் கரித்தால், அந்த நெடியை முயல் இரவெல்லாம் சுவாசித்திருக்கிறது.

எனவே மூட வேண்டிய இடம் வேறு, திறந்துவைக்க வேண்டிய இடம் வேறு. மழையும் காற்றும் அடிக்கும் பக்கத்தைத் தார்ப்பாயாலோ பழைய தரைவிரிப்பாலோ மூடலாம். மேலே, முயலின் தலைக்கு உயரத்தில், ஈரக்காற்று வெளியேற இடம் விட வேண்டும். கூரை முன்னால் நீண்டு சரிந்திருக்க வேண்டும். கூண்டின் கால்கள் செங்கல் மேல் நிற்பது நல்லது; தரைக்கும் அடிப்பலகைக்கும் நடுவே காற்றோடினால் ஈரம் ஏறாது. வட நாடுகளில் கூண்டின் முகத்தைத் தெற்கே திருப்பினால் கிடைக்கிற கொஞ்ச வெயிலும் உள்ளே விழும். உள்ளே அடியில் செய்தித்தாள், அதன்மேல் முழங்கை புதையுமளவு வைக்கோல். கோதுமை, பார்லித் தாள்கள் உள்ளே குழலாக இருப்பதால் ஒவ்வொரு தாளும் காற்றை அடைத்துவைக்கும் சிறு குப்பி. ஈரத்தையும் மேலே தேக்காமல் கீழே வடியவிடும். மார்கழி இரவில் வைக்கோல்போரைக் குடைந்து படுத்திருக்கும் நாய்க்குட்டிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புல் தின்பதற்கு, வைக்கோல் படுப்பதற்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. கம்பளியும் துண்டும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். முயல் அவற்றைக் கடித்து விழுங்கினால் நூல் குடலில் சிக்கும்.

படுக்கும் அறை பெரிதாக இருக்கத் தேவையில்லை. வைக்கோல் நிறைத்த அட்டைப்பெட்டியில், வாசலைச் சிறிதாக வெட்டிவைத்தால், முயல் தன் உடம்புச் சூட்டாலேயே அதைக் கதகதப்பாக்கிக்கொள்ளும். அது ஒரு குட்டி வளை. ஓடும் இடம் மட்டும் பெரிதாக வேண்டும். பிரிட்டனின் ராபிட் வெல்ஃபேர் அசோசியேஷன் இரண்டு முயல்களுக்குக் குறைந்தது 3 மீட்டருக்கு 2 மீட்டர் பரப்பும் 1 மீட்டர் உயரமும் தேவை என்கிறது. கடைகளில் விற்கும் கூண்டுகளில் பெரும்பாலானவை இதில் கால்வாசி தேறாது.

சூடாக்கும் சாதனங்களில் அடக்கம் வேண்டும். மின்கம்பி எட்டும் தூரத்தில் இருந்தால் முயல் கடிக்காமல் விடாது. ரப்பர் வெந்நீர்ப் பையையும் அப்படியே. மைக்ரோவேவில் சூடாக்கித் துணியுறையில் போட்டு வைக்கும் தட்டையான வட்டுகள் கிடைக்கின்றன. கடுங்குளிர் இரவுகளில் அவை போதும். எதை வைத்தாலும், வேண்டாமென்றால் முயல் விலகிப்போக இடம் இருக்க வேண்டும்.

தண்ணீரைப் பற்றி விரிவாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதை மறந்தால் மற்றதெல்லாம் வீண். புட்டியில் முதலில் உறைவது குழாயின் நுனி. தண்ணீர் தெரிகிறது என்று நம்பிப் போய்விடக் கூடாது. விரலால் குண்டைத் தட்டிப் பார்க்க வேண்டும். கனமான பீங்கான் கிண்ணம் ஒன்றும் கூடவே இருப்பது நல்லது. காலையிலும் மாலையிலும் வெதுவெதுப்பான தண்ணீர் மாற்ற வேண்டும். தண்ணீர் கிடைக்காத முயல் புல்லையும் நிறுத்திவிடும்; புல் நின்றால் வயிற்று அடுப்பும் அணையும். பனியைத் தின்று தாகம் தீர்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டால், அந்தப் பனியை உருக்க அதன் உடம்புச் சூடுதான் செலவாகும்.

வளையிலிருந்து பறிபோன நான்காவது பொருள் துணை. இதன் மதிப்பு பிறந்த குட்டிகளிடம் அப்பட்டமாகத் தெரியும். குழிமுயல் குட்டி ரோமமில்லாமல், கண்மூடி, செவி கேளாமல் பிறக்கிறது. தாய் தன் வயிற்று மயிரைப் பிடுங்கி மெத்தை போட்டுவிட்டுப் போய்விடுவாள். நாளுக்கு ஒரே முறை வந்து சில நிமிடங்கள் பால் கொடுப்பதோடு சரி. மீதி நேரமெல்லாம் குட்டிகள் ஒன்றோடொன்று நெருக்கியடித்து, வெளியே இருப்பது உள்ளேயும் உள்ளே இருப்பது வெளியேயுமாக ஓயாமல் இடம் மாறி, மயிர்மெத்தைக்குள் ஒரே உயிர்போலக் கிடக்கும். நடுக்கம்கூட இல்லாமல் அவை எப்படிச் சூடு உண்டாக்குகின்றன என்பது புதிராகவே இருந்தது. ஆக்ஸ்ஃபர்டில் டாக்கின்ஸ், ஹல் என்ற இருவர் 1964-இல் வெளியிட்ட ஆய்வு அதை அவிழ்த்தது. குட்டியின் கழுத்தைச் சுற்றியும் தோள்பட்டைகளுக்கு நடுவிலும் பழுப்புக் கொழுப்பு இருக்கிறது. குளிர் பட்டதும் அது எரிந்து சூடு தருகிறது. அந்தக் கொழுப்பின் பெரும்பகுதியை அகற்றியபோது, குளிருக்கு எதிர்வினை காட்டும் திறனையே குட்டி இழந்தது. மனிதக் குழந்தையும் இதே பழுப்புக் கொழுப்போடுதான் பிறக்கிறது. மெத்தையிலிருந்து உருண்டு வெளியே விழுந்து விறைத்துக் கிடக்கும் குட்டியைச் செத்ததென்று முயல் வளர்ப்பவர்கள் சட்டென்று தூக்கிப் போடமாட்டார்கள். உள்ளங்கையில் பொத்தி, மெல்லச் சூடேற்றிப் பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வார்கள். பல குட்டிகள் அப்படிப் பிழைத்திருக்கின்றன.

வளர்ந்த முயலும் ஒட்டிப் படுத்தால் காற்றுப்படும் பரப்பு குறையும். கருத்தடை செய்த ஆணும் பெண்ணும் ஒரு சோடியாக இருப்பது எந்த வைக்கோலுக்கும் ஈடு. ஆனால் குளிருக்குப் பயந்து, அறிமுகமில்லாத இரண்டு முயல்களை ஓர் இரவில் ஒன்றாக அடைத்தால் விடிவதற்குள் இரத்தக்காயம்தான் மிஞ்சும்.

வளை மட்டும் கிடைத்துவிட்டால் இந்த விலங்கு எவ்வளவு தூரம் போகும் என்பதை ஹெல்சிங்கி நகரம் காட்டியிருக்கிறது. 1980-களின் பிற்பகுதியில் யாரோ வெளியே விட்ட செல்ல முயல்களின் வழித்தோன்றல்கள், மைனஸ் 20-ஐயும் காணும் அந்த ஃபின்லாந்துத் தலைநகரில் பூங்காக்களிலும் கட்டடங்களின் அடியிலும் குடும்பம் குடும்பமாகப் பெருகின. உலகில் இந்தச் சாதி முயல் கட்டற்றுத் திரியும் வடகோடி இடங்களில் அது ஒன்று. ஆழ்ந்த பனி விழுந்த ஆண்டுகளில் எண்ணிக்கை சரியும். தீனி பனிக்குள் புதைந்துவிடுவதுதான் அவற்றைப் படுத்துகிறது. பக்கத்து நாடான ஸ்வீடனில் கதை விபரீதமாகப் போயிற்று. ஸ்டாக்ஹோம் பூங்காக்களில் செடிகளை நாசம் செய்ததால் சுட்டுக் கொல்லப்பட்ட முயல்களின் உடல்கள், கார்ல்ஸ்கூகா என்ற ஊரில் வீடுகளுக்கு வெப்பம் தரும் ஆலையில் எரிக்கப்பட்ட செய்தி 2009-இல் உலகம் முழுக்கப் பரவியது. முயலைக் கதகதப்பாக வைப்பது எப்படி என்று எழுதவந்த இடத்தில் இதைச் சொல்லாமல் விடமுடியவில்லை.

ஹெல்சிங்கி முயல் தாங்குவதால் எல்லா முயலும் தாங்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கிழடு, மூட்டுவலி உள்ளது, மெலிந்தது, நோயிலிருந்து தேறிவருவது, மிகச் சிறு வயதுடையது ஆகியவற்றைக் கடுங்குளிரில் வெளியே வைக்கக் கூடாது. ஒரு முயல் ஒடுங்கி உட்கார்ந்து, கூப்பிட்டால் அசையாமல், தீனியைத் தொடாமல், புழுக்கை போடாமல் இருந்தால் அதுவே அபாயம். 2016-இல் வெளியான ஆய்வொன்று, மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்ட 316 முயல்களின் உடல்வெப்பத்தைப் பார்த்தது. வெப்பம் இயல்புக்குக் கீழே இறங்கியிருந்த முயல்கள் இறக்கும் வாய்ப்பு மற்றவற்றைப்போல 3 மடங்கு. அவை எல்லாம் குளிரில் கிடந்தவை அல்ல; பல நோய்களின் கடைசிக் கட்டத்தில் முயலின் உடம்பு தானாகவே குளிர்ந்துபோகிறது. எனவே உடம்பு சில்லிட்ட முயலைக் கணப்பின் அருகே வைத்துவிட்டுக் காத்திருப்பது தப்பு. துணியில் சுற்றி, மெல்லச் சூடாக்கியபடியே மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

தமிழ்நாட்டில் முயலைப் பொறுத்தவரை கவலை பெரும்பாலும் எதிர்த்திசையில்தான். சென்னையின் மே மாதம் அதற்கு எந்த உறைபனியையும்விடக் கொடியது. வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் ஆண் முயலின் இனப்பெருக்கத் திறனே குறையும். மத்திய செம்மறி மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென் மண்டல மையம் கொடைக்கானல் மலையில் மன்னவனூரில் ஒயிட் ஜயண்ட், சோவியத் சின்சில்லா முயல்களை வளர்க்கிறது; அந்த மலைக்குளிர் அவற்றுக்கு ஒத்துப்போகிறது. ஆனால் கொடைக்கானலிலும் ஊட்டியிலும் வீட்டில் முயல் வைத்திருப்பவர்கள் டிசம்பர், ஜனவரியின் உறைபனி இரவுகளைவிட, அதற்கு முந்திய ஐப்பசி, கார்த்திகை மாதங்களின் விடாத சாரலுக்குத்தான் கூடுதலாக அஞ்ச வேண்டும். பலகை நனைந்து, வைக்கோல் நமத்து, வெயிலே காணாத அந்த வாரங்களில்தான் மூக்கொழுகல் வரும். டொரன்டோ, லண்டன் தமிழர் வீடுகளில் பிள்ளைகள் அடம்பிடித்து வாங்கிய முயலுக்கும் இதே விதிதான். இன்னொன்றும் உண்டு: நடைபாதையில் பனி உருகத் தூவும் உப்பு காலில் ஒட்டினால் முயல் அதை நக்கிவிடும், துடைத்துவிட வேண்டும்.

இன்று இரவு முயல் கூண்டை மூடுவதற்கு முன் கம்பளியைத் தேட வேண்டாம். கையை வைக்கோலுக்குள் விட்டு, அடிப்பலகை வரை கொண்டுபோய், புறங்கையால் தொட்டுப் பாருங்கள். உலர்ந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கப் போகலாம். பிசுபிசுவென்று இருந்தால் காலைவரை காத்திருக்காமல் அப்போதே மாற்றிவிடுங்கள்.